தேர்ந்து கற்றல்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவர்முன் பல வாயில்கள் திறக்கின்றன. எவ்வாயிலில் நுழைவது என்னும் முடிவு சில வாரங்களில் எடுக்கப்படுவதாகத் தோன்றினாலும், அதற்கான ஆயத்தம் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு படிப்பின் பெயரை மட்டும் கருதாமல், அதன் உள்ளடக்கத்தையும் தன் வலிமையையும் உரிய காலத்தையும் ஏற்ற இடத்தையும் ஆராய்ந்து தேரும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், தமிழ்நாட்டின் வீடுகள் பலவற்றில் ஒரே வினா எழுகிறது: ‘அடுத்து என்ன படிப்பது?’ உறவினர் ஒருவர் ஒரு பாடப்பிரிவைச் சொல்கிறார். அண்டை வீட்டார் வேறொன்றைப் பரிந்துரைக்கின்றனர். சென்ற ஆண்டு யாரோ ஒருவருக்கு வேலை பெற்றுத்தந்த படிப்பே இவ்வாண்டு அனைவர்க்கும் உரிய படிப்பாகப் பேசப்படுகிறது. இத்தனை குரல்களுக்கு நடுவே, படிக்கப்போகும் மாணவரின் குரல் மட்டும் சில நேரங்களில் கேட்பதே இல்லை.

எடுக்கப்படும் முடிவின் பயனையும் சுமையையும் தாங்க வேண்டியவர் அம்மாணவரே. கலை, அறிவியல் பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகள். பொறியியல் நான்கு ஆண்டுகள். கட்டடக்கலை ஐந்து ஆண்டுகள். மருத்துவம், கட்டாய மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். இளமையின் இத்தனை ஆண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் ஒரு முடிவு எடுத்துக்கொள்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் மாணவருக்கு இம்முடிவு மேலும் கடினமானது. தம் அனுபவத்தால் வழிகாட்டுவதற்கு அவர் வீட்டில் எவரும் இல்லை.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆள்வோர் ஒரு செயலில் இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை அவை வரிசைப்படுத்துகின்றன. அவ்வரிசை உயர்கல்வித் தேர்வுக்கும் அப்படியே பொருந்துகிறது.

தெரிதல்: பெயரும் பாடமும்

படிப்பைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் அதன் பெயரையே தேர்ந்தெடுக்கின்றனர். கல்லூரியில் நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டியது பெயரையன்று, பாடத்தை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அறியாமையே பின்னாளில் எழும் ஏமாற்றங்கள் பலவற்றுக்குக் காரணமாகிறது.

உளவியல் என்பது பிறர் மனத்தைப் படித்தறியும் கலை என எண்ணிச் சேர்பவர், அங்குப் புள்ளியியலையும் சோதனை முறைகளையும் கற்க வேண்டியிருக்கும். பொருளியலில் கணிதம் இன்றி நெடுந்தொலைவு செல்ல இயலாது. உயிரித் தொழில்நுட்பத்தில் உயிரியலுக்கு ஈடாக வேதியியலும் இடம்பெறுகிறது. வேளாண்மைப் படிப்பு பயிரிடும் முறைகளோடு நின்றுவிடுவதில்லை. மண்ணியல், பயிர் மரபியல், பூச்சியியல், வேளாண் பொருளியல் ஆகியவற்றை உள்ளடக்கியது. சட்டம் பயில்வோருக்குப் பேச்சாற்றலைவிட, நீண்ட தீர்ப்புகளையும் சட்டப்பிரிவுகளையும் சலிப்பின்றிப் படிக்கும் பொறுமையே மிகுதியும் தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்னும் புதிய பெயர்களுக்கு அடியில் இருப்பவை நிகழ்தகவும் அணிகளும் நுண்கணிதமுமே. மேல்நிலை வகுப்பில் இப்பகுதிகளைக் கண்டு ஒதுங்கிய மாணவர், அவற்றையே வேறு பெயரில் நான்கு ஆண்டுகள் கற்க நேரிடலாம்.

ஒரு படிப்பின் உள்ளடக்கத்தை அறிவது அரிய செயலன்று. பல்கலைக்கழகங்கள் தம் பாடத்திட்டங்களை இணையத்தளங்களில் வெளியிடுகின்றன. ஆறு அல்லது எட்டுப் பருவங்களுக்கும் உரிய தாள்களின் தலைப்புகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், அப்படிப்பின் உண்மை வடிவம் விளங்கும். முதலாண்டுப் பாடநூல் ஒன்றை நூலகத்தில் எடுத்து இருபது பக்கங்கள் படித்துப் பார்ப்பது அடுத்த படி. அப்படிப்பை இப்போது பயிலும் மாணவரிடம், ‘எந்தத் தாள் கடினமாக இருந்தது? ஒரு நாளின் பெரும்பகுதியை எதில் செலவிடுகிறீர்கள்?’ என்று கேட்பது மூன்றாவது படி. ‘படிப்பு நன்றாக இருக்கிறதா?’ என்னும் பொதுவான வினாவைவிட, இவ்விரு வினாக்களும் பயனுள்ள விடைகளைத் தரும்.

அதிகம் அறியப்படாத வாயில்கள்

மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு பெயர்களுக்குள் உயர்கல்வி அடங்கிவிடுவதில்லை. ஓவியத்திலும் சிற்பத்திலும் நாட்டமுடையோர்க்குச் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி உள்ளது. 1850ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கலைப்பள்ளியே இன்று அக்கல்லூரியாக வளர்ந்துள்ளது. கோயிற்கட்டடக்கலையையும் மரபுச் சிற்பக்கலையையும் பட்டப்படிப்பாகவே கற்பிக்கும் அரசுக் கல்லூரி, 1957 முதல் மாமல்லபுரத்தில் இயங்கிவருகிறது. கடற்கரை மாவட்டமாகிய நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும், கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உள்ளன. கப்பல் பொறியியல் கற்க விரும்புவோர்க்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உண்டு. கணிதத்தில் ஆழ்ந்த ஈடுபாடுடையோர் சென்னைக் கணிதவியல் கழகத்தின் நுழைவுத்தேர்வை எழுதலாம்.

பட்டயக் கணக்கர் ஆவதற்கு வணிகவியல் பாடப்பிரிவில் பயின்றிருக்க வேண்டும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அஃது உண்மையன்று. மேல்நிலைத் தேர்வில் எப்பாடப்பிரிவில் வென்றவரும் அதன் அடிப்படைத் தேர்வை எழுதலாம். அவ்வாறே குடிமைப்பணித் தேர்வுக்கும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் முதல் தொகுதித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டமே அடிப்படைத் தகுதி. ஆகவே வரலாறோ தமிழிலக்கியமோ புவியியலோ விரும்பிக் கற்பவர், தம் விருப்பத்தால் எதிர்காலத்தை இழப்பவர் அல்லர்.

வலியறிதல்: தன்னை அறிதல்

விருப்பமும் திறனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு துறையைப் பற்றிய திரைக்காட்சியோ செய்தியோ விருப்பத்தைத் தூண்டலாம். அத்துறைக்குரிய உழைப்பில் ஈடுபட்டுப் பார்க்கும்போதுதான் திறன் வெளிப்படும். எப்பாடத்தில் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது என்பதோடு, எப்பாடத்தில் தவறு நேர்ந்தபோது மீண்டும் முயலத் தோன்றியது என்பதையும் மாணவர் கருத வேண்டும். விடை கிடைக்காத கணக்கை இரவு உணவுக்குப் பின்னும் எடுத்துப் பார்ப்பவர்க்கும், மனப்பாடத்தால் மட்டும் அதே மதிப்பெண்ணைப் பெற்றவர்க்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. மதிப்பெண் பட்டியல் அவ்வேறுபாட்டைக் காட்டாது. மாணவர் மட்டுமே அதனை அறிவார்.

வலிமை என்பது குடும்பத்தின் பொருளாதார வலிமையையும் குறிக்கும். கல்விக் கட்டணம் மட்டுமே செலவு அன்று. விடுதி, உணவு, பயணம், நூல்கள், கருவிகள் ஆகிய அனைத்தையும் படிப்புக் காலம் முழுமைக்கும் கணக்கிட வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டுவதற்காக நகையை அடகு வைத்துவிட்டு, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வழியறியாது நிற்கும் குடும்பங்கள் உண்டு. வங்கிக் கல்விக் கடன் பெறுவோர், திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்த பின்னரே தொடங்கினாலும் வட்டி படிப்புக் காலத்திலும் கணக்கிடப்படும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இச்சுமையைக் குறைக்க அரசின் திட்டங்கள் பல உள்ளன. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அஃது விரிவுபடுத்தப்பட்டது. இவ்வொதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவரும் இல்லாத நிலையில், கலந்தாய்வின் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவர்க்கு முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர் 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின் வழியாகவும், மாணவர் 2024இல் தொடங்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் வழியாகவும் மாதந்தோறும் 1000 ரூபாய் பெறுகின்றனர். எட்டாது எனக் கருதி ஒரு படிப்பைக் கைவிடுமுன், இத்திட்டங்களுள் எவை தமக்கு உரியவை என ஆராய்வது மாணவர் கடமை.

காலமறிதல்: உரிய நேரத்தில் உரிய ஆயத்தம்

உயர்கல்வியின் வாயில்கள் சில, மேல்நிலை வகுப்பில் எடுத்த பாடப்பிரிவைப் பொறுத்தே திறக்கின்றன. பொறியியல் பட்டப்படிப்புக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியல் வேண்டும். மருந்தாளுநர் பட்டப்படிப்பாகிய பி.பார்ம். படிப்பில் சேர, இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ பயின்றிருந்தால் போதும். தம் பாடப்பிரிவு எவ்வெவ் வாயில்களைத் திறந்து வைத்துள்ளது என்பதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே அறிந்துகொள்பவர்க்கு, ஆயத்தமாவதற்கு இரண்டு ஆண்டுகள் கிடைக்கின்றன.

சில படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. வேறு சிலவற்றுக்கு நுழைவுத்தேர்வு கட்டாயம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நீக்கப்பட்டது. பொறியியல், வேளாண்மை ஆகியவற்றுக்கான மாநில அரசின் சேர்க்கை மேல்நிலை மதிப்பெண் வழியே நடைபெறுகிறது. மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம் ஆகியவற்றுக்கு நீட் தேர்வு எழுத வேண்டும். திருச்சிராப்பள்ளியில் உள்ளது போன்ற தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் சேர ஜே.இ.இ. முதன்மைத் தேர்வும், சென்னையில் உள்ளது போன்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் சேர அதற்கு அடுத்த உயர்நிலைத் தேர்வும் உள்ளன. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட் தேர்வும், கட்டடக்கலைக்கு நாட்டா தேர்வும் நடத்தப்படுகின்றன. ஐந்தாண்டுச் சட்டப்படிப்பைத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் மேல்நிலை மதிப்பெண் கொண்டே பயிலவும் வழியுண்டு.

இத்தகைய நுழைவுத்தேர்வுகள் பலவற்றுக்கான விண்ணப்பக் காலம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. முடிவு வெளியான பின் விசாரிக்கத் தொடங்கும் மாணவருக்கு, அவ்வாயில்கள் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும். திறமைக் குறைவால் இழந்த வாய்ப்பைவிட, நாள் தெரியாமல் இழந்த வாய்ப்பு மிகுந்த வருத்தம் தருவது. சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துப் பெறச் சில நாள்கள் ஆகும். அனைவரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முன்பே அவற்றைப் பெற்று வைப்பது நலம்.

தெரிந்து தெளிவோம்: தரவரிசை மதிப்பெண்

பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசை மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் எடுத்துக்கொள்ளப்படும். ஒருவர் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றால் அவரது தரவரிசை மதிப்பெண் 92 + 42 + 44 = 178. இன்னொருவர் கணிதத்தில் 84, இயற்பியலில் 92, வேதியியலில் 88 பெற்றால் 84 + 46 + 44 = 174. மூன்று பாடங்களின் கூட்டுத்தொகை இருவருக்கும் 264ஆக இருந்தும், தரவரிசை மதிப்பெண்ணில் நான்கு குறைகிறது. கணிதத்தின் எடை இரு மடங்கு என்பதே காரணம்.

கலந்தாய்வில் விருப்ப வரிசை

பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிவுசெய்கின்றனர். தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலும் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு, இடம் காலியாக உள்ள முதல் விருப்பம் அவருக்கு ஒதுக்கப்படுகிறது.

இம்முறையை உணராத சிலர், ‘கிடைக்காத இடத்தை முதலில் எழுதினால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்’ என அஞ்சி, உண்மையில் விரும்பியதைக் கீழே இறக்கிவிடுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது. முதல் விருப்பம் கிடைக்காவிடில் அடுத்த விருப்பம் பார்க்கப்படும். அதனால் மாணவரின் தரவரிசை குறைவதில்லை. எனவே விருப்பப் பட்டியல் உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே அமைய வேண்டும். அதே நேரத்தில், பட்டியல் மிகச் சுருக்கமாக இருப்பின் எதுவும் கிடைக்காமற்போகலாம். முந்தைய ஆண்டில் எம்மதிப்பெண் வரை எவ்விடம் நிரம்பியது என்பதைப் பார்த்து, எட்டக்கூடிய இடங்களையும் பட்டியலின் கீழ்ப்பகுதியில் சேர்த்தல் வேண்டும். ஒத்த பெயருடைய கல்லூரிகள் பல இருப்பதால், பெயரோடு கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இடனறிதல்: கல்லூரியைத் தேர்தல்

ஒரே படிப்பு இரண்டு கல்லூரிகளில் இரண்டு விதமாக அமையலாம். கட்டடத்தின் பொலிவும் விளம்பரத்தின் அளவும் கல்வியின் தரத்தைக் காட்டுவதில்லை. கல்லூரிக்கும் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கும் உரிய ஏற்பு உள்ளதா என்பதை முதலில் அறிய வேண்டும். பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, சட்டத்துக்கு இந்திய வழக்குரைஞர் கழகம், செவிலியர் படிப்புக்கு இந்தியச் செவிலியர் குழுமம் என ஒவ்வொரு துறைக்கும் ஓர் அமைப்பு உண்டு. ஏற்பில்லாத படிப்பில் சேர்ந்தவர், பட்டம் பெறும் நாளில் அப்பட்டம் செல்லாதென அறிய நேரிடும். தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீடும், 2016 முதல் வெளியிடப்படும் தேசியத் தரவரிசைப் பட்டியலும் மேலும் துணைபுரியும்.

இயன்றால் ஒரு நாள் அக்கல்லூரிக்கே சென்று வருவது சிறந்தது. ஆய்வகக் கருவிகள் பயன்பாட்டில் உள்ளனவா, நூலகத்தில் மாணவர் அமர்ந்து படிக்கின்றனரா, துறையில் நிலையான ஆசிரியர் எத்தனை பேர் என்பவற்றை நேரில் காணலாம். நாள்தோறும் பேருந்தில் நான்கு மணி நேரம் செலவிட வேண்டிய கல்லூரியில், படிப்பதற்கான நேரம் எவ்வளவு எஞ்சும் என்பதும் எண்ணத்தக்கது.

வீட்டாரோடு உரையாடல்

பெற்றோரின் விருப்பமும் பிள்ளையின் விருப்பமும் மாறுபடுவதுண்டு. மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர்வதைப் பெற்றோர் மறுக்கலாம். கவின்கலை கற்க விரும்பும் மகனின் வருவாய் குறித்து அவர்கள் அஞ்சலாம். அம்மறுப்பின் அடியில் பெரும்பாலும் இருப்பது அன்பும் அறியாத ஒன்றைப் பற்றிய கவலையுமே. வெறும் பிடிவாதம் அக்கவலையைப் போக்காது. படிப்பின் காலம், மொத்தச் செலவு, கிடைக்கும் உதவித்தொகை, விடுதியின் பாதுகாப்பு, படித்து முடித்தோர் செய்யும் பணிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர்கள்முன் வைக்கும் மாணவர், தம் விருப்பத்துக்குப் பொறுப்பேற்கும் பக்குவத்தையும் வெளிப்படுத்துகிறார். வீட்டில் விவரம் கூற எவரும் இல்லாதபோது, வகுப்பாசிரியரும் பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியரும் 2022இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டமும் துணை நிற்பர்.

நண்பர் சேரும் படிப்பிலேயே சேர்வது என்னும் முடிவும் பலரால் எடுக்கப்படுகிறது. நட்பு வேறு கல்லூரியிலும் தொடரும். தனக்குப் பொருந்தாத பாடத்தை நண்பர் ஒருவருக்காகப் பல ஆண்டுகள் படிக்க இயலாது.

மூடாத வாயில்கள்

எத்துணை ஆராய்ந்து எடுத்த முடிவும் சில நேரங்களில் பிழைபடலாம். எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காமலும் போகலாம். ஒரு வாயில் மூடினால் கல்வியே முடிந்துவிடுவதில்லை. பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றவர், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரலாம். மேலாண்மை முதுகலைக்கும் செல்லலாம். குடும்பச் சூழலால் பணிக்குச் செல்ல நேர்ந்தவர்க்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் வழி வகுக்கின்றன. தேர்வில் தவறியவர்க்குத் துணைத்தேர்வு அவ்வாண்டிலேயே உண்டு. ஒரு தேர்வின் முடிவு அத்தேர்வு நாளில் எழுதிய விடைகளின் மதிப்பு மட்டுமே. எழுதியவரின் மதிப்பு அன்று.

எனினும், சுற்றுவழிகள் உள்ளன என்பதற்காக நேர்வழியை ஆராயாமல் விடுவது அறிவுடைமை ஆகாது. பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு இன்று கிடைத்துள்ள பெரும் செல்வம் காலமே. வாரத்துக்கு ஒரு படிப்பைப் பற்றி அறிந்துகொண்டாலும், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்குமுன் ஐம்பதுக்கும் மேற்பட்ட படிப்புகளின் உள்ளடக்கம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவற்றிலிருந்து தமக்குரிய நான்கைந்தைப் பிரித்தெடுத்தவர், தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ‘அடுத்து என்ன படிப்பது?’ என்று பிறரைக் கேட்டு நிற்க மாட்டார். தாம் எதை, ஏன் படிக்கப்போகிறோம் என்பதை வீட்டாருக்கு விளக்கிச் சொல்வார்.